மாசம் எவ்வளவு வரும்?

வங்கியின் கடன் மேசைக்கு வரும் இளம் தம்பதியர் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "சார், மாசம் எவ்வளவு வரும்?" வட்டி எத்தனை சதவீதம், கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு போயிருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. ஒரு பொருளை வாங்கும் வசதி இருக்கிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். அதன் தவணையைக் கட்ட முடியுமா என்று பார்ப்பது இன்றைய வழக்கம். இரண்டாவது கேள்வி முதல் கேள்வியின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டதால்தான் நல்ல சம்பளம் வாங்கும் குடும்பங்களும் கடனில் சிக்குகின்றன. ஒவ்வொரு தவணையும் தனியாகப் பார்த்தால் சிறியது. யாரும் ஒரே நாளில் மூழ்குவதில்லை. ஆறேழு சிறிய முடிவுகள், ஒவ்வொன்றும் எடுத்த அன்று நியாயமாகப் பட்டவை, மூன்று நான்கு ஆண்டுகளில் ஒரே சம்பளத்தின் மேல் வந்து நிற்கின்றன.

சென்னையின் தென்புறநகரில், தாம்பரத்துக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் இடைப்பட்ட பகுதியில், ஒரு வங்கிக் கிளையின் கடன் மேசை இந்த வரிசையை முழுதாகப் பார்க்கும் இடம். திருநெல்வேலியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள், மென்பொருள் நிறுவனங்களிலும் ஒரகடத்துத் தொழிற்சாலைகளிலும் இருப்பவர்கள், கல்யாணம் முடிந்த சூட்டில் முதல் முறையும், குழந்தை பிறந்த பிறகு முகம் மாறி இரண்டாம் முறையும் அங்கே வருகிறார்கள். முதல் முறை வருபவர்களுக்குத் தேவையானது கடன். இரண்டாம் முறை வருபவர்களுக்குத் தேவையானது கடனிலிருந்து வெளியே வரும் வழி. ஆனால் அவர்கள் கேட்பது அப்போதும் இன்னொரு கடனாகத்தான் இருக்கும்.

வரிசை கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. முந்தைய தலைமுறையில் கல்யாணக் கடன் பெற்றோர் தலையில் இருந்தது. இப்போது மாப்பிள்ளையோ பெண்ணோ தம் சம்பளச் சீட்டைக் காட்டித் தனிநபர் கடன் வாங்கி மண்டபத்துக்கும் சமையலுக்கும் படம் எடுப்பவருக்கும் கொடுக்கிறார்கள். பெற்றோருக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான் காரணம். ஆனால் இதில் ஒரு கணக்குப் பிசகு இருக்கிறது. மொய் என்பது வட்டியில்லாத கடன். நோட்டில் எழுதி வைத்து, கொடுத்தவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டியது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்தே தனியாக நடத்தித் தொழிலுக்கு முதல் திரட்டுவார்கள். கல்யாணத்தில் விழும் மொய் பெரும்பாலும் பெற்றோர் கைக்குப் போய், மண்டபப் பாக்கிக்கும் பழைய கைமாத்துக்கும் கரைந்துவிடும். தவணை மட்டும் மகன் கணக்கில் 60 மாதம் நிற்கும். 5 லட்சம் ரூபாய், 14 சதவீத வட்டி, 5 ஆண்டு என்றால் மாதம் 11,634 ரூபாய். முதல் குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயதுவரை கல்யாணச் சாப்பாட்டுக்குத் தவணை போய்க்கொண்டிருக்கும்.

பலருக்கு அதற்கும் முன்பே கல்விக் கடன் ஒன்று இருக்கும். படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை கேட்பதில்லை என்பதால் அது கண்ணில் படுவதில்லை. பெண் பார்க்கும்போது பேசப்படுவதும் இல்லை.

அடுத்தது தனிக்குடித்தனம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. சென்னையில் அதைவிடக் கூடுதலாக அட்வான்ஸ் கேட்கும் வீட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். கையில் இருந்த சேமிப்பு அங்கே போய்விடும். பிறகு வீட்டுக்குச் சாமான்: பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், டிவி, ஏசி. ஷோரூமில் பைனான்ஸ் ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஆதார், பான், ஒரு ஓடிபி. பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

அங்கே சொல்லப்படும் 'வட்டியில்லாத் தவணை' என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. வட்டி எங்கோ ஒளிந்திருக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடி கிடைக்காமல் போவது ஒரு வழி. பிராசசிங் சார்ஜ் இன்னொரு வழி. கிரெடிட் கார்டு வழியாகப் போனால், வங்கி போடும் வட்டிக்குச் சமமான தொகையைக் கடை விலையில் கழித்துக்கொடுக்கும். ஆனால் அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வாங்குபவர் தலையில்தான். தொகை சிறிது. அதைவிடப் பெரிய சேதம் வேறு: 25,000 ரூபாய்ப் பெட்டி வாங்கப் போனவர் 42,000 ரூபாய்ப் பெட்டியோடு திரும்புகிறார். இரண்டுக்கும் மாதத்தில் வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம்தானே என்று தோன்றிவிடுகிறது.

வண்டிக் கடனில் வேறொரு கண்ணி. சில இடங்களில் வட்டியை 'பிளாட்' கணக்கில் சொல்வார்கள். 1 லட்சத்துக்கு 12 சதவீதம், 3 ஆண்டு என்றால் வட்டி 36,000; மொத்தம் 1,36,000; மாதம் 3,778. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வரும்போது, குறையாத 1 லட்சத்துக்கு வட்டி போட்ட கணக்கு இது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைத் தவணைக் கடன்கள் எல்லாவற்றுக்கும், கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாள் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தத் தாளில் பார்க்க வேண்டிய எண் அது ஒன்றுதான். கையெழுத்துக்கு முன் அதைக் கேட்டு வாங்கிப் படிப்பவர்கள் இன்னும் சொற்பம்.

கிரெடிட் கார்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற கடன்களுக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு, இதற்கு இல்லை. இந்தியாவில் புழங்கும் கார்டுகளின் எண்ணிக்கை 2024 தொடக்கத்தில் 10 கோடியைத் தாண்டியது. முழுத் தொகையையும் கெடு தேதிக்குள் கட்டுகிறவருக்கு இது நல்ல கருவி. 45, 50 நாள் வரை வட்டி கிடையாது. பாக்கி வைத்த நாளில் அந்தச் சலுகை போய்விடுகிறது. பழைய பாக்கிக்கு மட்டும் வட்டி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பாக்கி நிற்கும்வரை, அடுத்து வாங்கும் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும்.

வட்டி மாதம் 3.5 சதவீத அளவில் இருக்கிறது. மாதக் கணக்கில் சொன்னால் மூன்றரை. ஆண்டுக் கணக்கில் 42. அதன் மேல் ஜிஎஸ்டி சேர்ந்தால் மாதம் 4.13 சதவீதம். பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று அச்சிட்டிருக்கும். பொதுவாகப் பாக்கியில் 5 சதவீதம். 1 லட்சம் பாக்கி வைத்திருப்பவர், கார்டை மறுபடி தொடவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் வட்டியும் வரியும் சேர்ந்து பாக்கி 1,04,130 ஆகிறது. அதில் 5 சதவீதமான 5,206 கட்டுகிறார். பாக்கி 98,924. ஐயாயிரம் கட்டிய இடத்தில் அசல் ஆயிரத்துச் சொச்சம்தான் இறங்கியிருக்கிறது. இப்படியே ஓராண்டு தவறாமல் கட்டினால் அவர் கையைவிட்டுப் போனது ஏறக்குறைய 59,000. பாக்கி அப்போதும் 88,000-ஐ ஒட்டி நிற்கும். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டும்போது கணவன் மனைவி இருவரும் பேச்சற்றுப் போவதை அந்த மேசை பலமுறை பார்த்திருக்கிறது. அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியவர்கள். குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் சரியாகக் கட்டுவதாகத்தான் பொருள் என்று நம்பியவர்கள்.

பாக்கி கைமீறியதும் அடுத்த படி 'தேய்த்து எடுப்பது'. சில கடைகளில் சரக்கே வாங்காமல் கார்டைத் தேய்த்து, இரண்டு மூன்று சதவீதம் கமிஷன் பிடித்துக்கொண்டு பணமாகத் தருவார்கள். ஒரு கார்டில் எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டுவது, அதற்கு மூன்றாவது கார்டு. இதை 'ரொட்டேஷன்' என்கிறார்கள். கார்டு ஒப்பந்தப்படி இது விதிமீறல். வங்கி கண்டுபிடித்தால் கார்டை நிறுத்திவிடும். ரொட்டேஷன் நின்ற மாதத்தில் எல்லா கார்டும் ஒன்றாகக் கழுத்தைப் பிடிக்கும்.

கடன் தகவல் நிறுவனமான சிபில் தரும் மதிப்பெண் 300-இலிருந்து 900 வரை. 750-க்கு மேல் நல்லது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அந்த எண் நேற்றுவரை கட்டியதைச் சொல்லுமே தவிர, நாளை கட்ட முடியுமா என்பதைச் சொல்லாது. 780 வைத்துக்கொண்டு மூழ்குகிறவர்கள் உண்டு. அனுபவப்பட்ட கடன் அதிகாரி நம்புவது ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையை. அதையும் பின்னாலிருந்து படிக்க வேண்டும்: சம்பளம் வருவதற்கு முந்தின நாள் கணக்கில் எவ்வளவு இருந்தது? ஆறு மாதமும் அந்த எண் நூறுகளில் இருந்தால், சம்பளம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த வீட்டில் மிச்சம் இல்லை. அடுத்து, 20ஆம் தேதிக்கு மேல் நண்பர்கள் பெயரிலிருந்து வரும் இரண்டாயிரம், மூவாயிரம். அதே பெயர்களுக்கு 2ஆம் தேதி திரும்பிப் போகும் அதே தொகை. இது கைமாத்து. கார்டுக்குப் போகும் தொகை மாதந்தோறும் ஒரே அளவில் இருந்தால் அது குறைந்தபட்சத் தொகை. அடகுக் கடையின் பெயர் தெரிந்தால், பேசப்படாத இன்னொரு கடன் இருக்கிறது. தவணை திரும்பிப் போனதற்கான அபராதம் ஒரே ஒரு முறை தெரிந்தாலும் அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். பல நேரம் பதில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவாக இருக்கும்.

அந்த மேசையில் ஒருமுறை நடந்தது. வீட்டுக் கடனுக்குக் கூட்டாக விண்ணப்பிக்க ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். அதிகாரி இருவர் கடன் அறிக்கையையும் எடுத்து, சரிபார்க்கும் எண்ணத்தில் உரக்க வாசித்தார். கணவர் பெயரில் செல்பேசிச் செயலிகளில் எடுத்த மூன்று கடன்கள் இருந்தன. மனைவிக்கு அவை அன்றுதான் தெரிந்தன. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு இருவரும் எழுந்து போய்விட்டார்கள். அந்த விண்ணப்பம் திரும்ப வரவில்லை. தவறு அதிகாரியுடையது. அறிக்கை அவரவர்க்கு உரியது. அவரவர் கையில்தான் கொடுத்திருக்க வேண்டும். அதன் பிறகு அங்கே இருவரையும் தனித்தனியே உட்காரவைத்துப் பேசி, அறிக்கையைக் கையில் கொடுத்து, நீங்களே வீட்டில் பேசிவிட்டு அடுத்த வாரம் சேர்ந்து வாருங்கள் என்று அனுப்பும் வழக்கம் வந்தது.

இந்த மறைத்தல் ஆண்கள் பக்கம் மட்டும் நடப்பதில்லை. தம்பி படிப்புக்குத் தன் பெயரில் கடன் எடுத்த மனைவி, அம்மா வீட்டு விசேஷத்துக்கு வளையலை அடகு வைத்தவர், ஏலச் சீட்டை இரண்டாம் மாதமே பெரிய கழிவில் தள்ளி எடுத்துவிட்டு மீதி மாதங்களுக்குக் கட்டிக்கொண்டிருப்பவர் என்று பல வகை. காரணம் பெரும்பாலும் வெட்கம், சில சமயம் பிறந்த வீட்டுப் பாசம். இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் இரண்டு செல்பேசி, இரண்டு கணக்கு, இரண்டு ரகசியம் இருந்தால், வீட்டின் மொத்தக் கடன் எவ்வளவு என்று தெரிந்தவர் அந்த வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டார். கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதோடு இதையும் பரிமாறிக்கொண்டால் எத்தனையோ வீடுகளில் பிற்பாடு வரும் சண்டை வராது.

வீட்டுக் கடன் இந்த வரிசையில் மிகப் பெரியது. பிசகினால் மற்ற எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போவதும் அதுவே. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது. முத்திரைத் தீர்வை, பதிவுச் செலவை அந்த மதிப்பில் சேர்க்கவும் கூடாது. 55 லட்சம் ரூபாய் வீட்டுக்குக் கடன் 44 லட்சம். மீதி 11 லட்சமும் பதிவுச் செலவும் சொந்தக் கையிலிருந்து வர வேண்டும். இந்த விதிக்கு ஒரு நல்ல நோக்கம் இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைக்க முடிந்த குடும்பம்தான் இருபது ஆண்டு தவணையைத் தாங்கும். நடப்பது வேறு. அந்த 11 லட்சத்தில் பாதி தனிநபர் கடனாகவும் நகைக் கடனாகவும் வருகிறது. கடன் விவரங்கள் மாதத்துக்கு ஒருமுறை பதிவான காலத்தில், ஒரே வாரத்தில் இரண்டு இடங்களில் எடுத்த கடன்கள் ஒன்றுக்கொன்று தெரியாமல் போகும். 2025 ஜனவரி முதல் 15 நாளுக்கு ஒருமுறை பதிய வேண்டும் என்று விதி இறுகியது.

எண்களாகப் பார்ப்போம். கணவர் கையில் 48,000, மனைவி கையில் 37,000, சேர்ந்து 85,000. 44 லட்சம், 8.5 சதவீதம், 20 ஆண்டு: மாதம் 38,184. வருமானத்தில் 45 சதவீதம். பல வங்கிகளில் இது ஏற்கப்படும் அளவு. முன்பணத்துக்காக எடுத்த 5 லட்சம் தனிநபர் கடனுக்கு 11,634. இரண்டும் சேர்ந்து 49,818. இருவரும் வேலையில் இருக்கும்வரை, இழுத்துப் பிடித்து, ஓடும்.

ஓராண்டிலோ இரண்டாண்டிலோ குழந்தை பிறக்கிறது. 2017 திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு விடுப்பு 26 வாரம், சம்பளத்தோடு. ஆனால் 27ஆவது வாரம் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? அம்மா ஊரிலிருந்து வர முடியாது, மாமியாருக்கு மூட்டுவலி, காப்பகம் தூரம். மனைவி வேலையை விடுகிறார். அன்றைக்கு வீட்டின் வருமானம் 48,000. தவணை 49,818. அரிசி வாங்குவதற்கு முன்பே 1,818 ரூபாய் குறைகிறது. இந்தக் கணக்கில் ஊதாரித்தனம் எதுவும் இல்லை. கார் இல்லை, வெளிநாட்டுப் பயணம் இல்லை. வீடு வாங்கியதும் பிள்ளை பெற்றதும்தான் இருக்கின்றன. வாழ்க்கையின் மிக வசதியான மாதத்தை அளவாக வைத்து, இருபது ஆண்டுக்கும் அப்படியே இருக்கும் என்று போட்ட கணக்கு இது. வங்கியும் அப்படித்தான் போடுகிறது. மேசையில் இருப்பவர் மனச்சாட்சியோடு செய்யக்கூடியது ஒன்று: கூட்டு வருமானத்தில் தகுதி பார்த்த பிறகு, குறைந்த சம்பளத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, மிச்சத்தில் இந்தத் தவணை போகுமா என்று அவர்கள் எதிரிலேயே ஒருமுறை பார்ப்பது. போகாது என்றால் வீட்டின் விலையைக் குறைக்கச் சொல்வது, அல்லது இரண்டாண்டு வாடகையில் இருந்து சேர்க்கச் சொல்வது. இலக்கு எட்டவில்லை என்று மேலிடத்தில் பேச்சுக் கேட்க நேரிடும். கேட்கத்தான் வேண்டும்.

வட்டி ஏறுவதும் இதோடு சேரும். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குப் போடும் வட்டியான ரெப்போ விகிதம் 2022 மே மாதம் 4 சதவீதத்திலிருந்து ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம் ஆனது. 2021-இல் 44 லட்சத்தை 6.75 சதவீதத்துக்கு எடுத்தவருக்குத் தவணை 33,456. இரண்டாண்டு கட்டிய பின் வட்டி 9.25 ஆனால், அந்தத் தவணையில் 32,000-க்கு மேல் வட்டிக்கே போய்விடும். பல கணக்குகளில் தவணையை ஏற்றாமல் ஆண்டுகளை நீட்டினார்கள். மாசம் எவ்வளவு வரும் என்று மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் மாறியதாகவே தெரியவில்லை. 2023 ஆகஸ்டில், தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டிலும் கொஞ்சமா என்று கடனாளியைக் கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கடிதம் வந்தால் பதில் எழுத வேண்டும்.

பணம் போதாத மாதங்களில் முதலில் வெளியே போவது நகை. அடகு வைத்தால் மளமளவென்று பணம் கிடைக்கும். சிபில் பார்க்க வேண்டியதில்லை. ஓராண்டில் அசலும் வட்டியும் கட்டி மீட்க வேண்டும்; முடியாதபோது வட்டியைக் கட்டித் திருப்பி வைப்பார்கள். தங்கம் விலை ஏறியிருந்தால் அதே நகைக்குக் கூடுதல் பணமும் கிடைக்கும். அதை லாபம் என்று நினைப்பது பெரிய மயக்கம், கடன்தான் கூடியிருக்கிறது. மூன்று நான்கு முறை திருப்பி வைத்த நகை பல வீடுகளில் ஏலத்தில் மூழ்கிப்போகிறது. ஓராண்டுக்குள் மீட்க வழி தெரியவில்லை என்றால் அடகு வைப்பதைவிட ஒரு பகுதியை விற்றுவிடுவது மேல் என்று அந்த மேசையில் சொல்வதுண்டு. 3 லட்சம் நகைக் கடனுக்கு 12 சதவீதத்தில் ஆண்டுக்கு 36,000 வட்டி. அதே தொகைக்கு நகையை விற்றுக் கார்டு பாக்கியை அடைத்தால் நகை வட்டியும் இல்லை, 42 சதவீத வட்டியும் இல்லை. கணக்கு தெளிவானது. ஆனால் அம்மா போட்ட சங்கிலியை விற்கச் சொல்வது கணக்கு மட்டும் அல்ல. அந்தப் பேச்சை மனைவி தானாக எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். கணவரோ அதிகாரியோ எடுக்கக்கூடாது.

நகையும் தீர்ந்தால் செயலிக் கடன், அதற்கும் அப்பால் தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி. தமிழ்நாட்டில் இவற்றைத் தடுக்க 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. செயலி நடத்துபவர்கள் செல்பேசியின் தொடர்பு எண்களைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டது. அனுமதி பெறாத செயலிகள் இதையெல்லாம் மதிப்பதில்லை. மாமனாருக்கும் அலுவலக மேலாளருக்கும் அழைப்புப் போகும். இங்கே தற்கொலைப் பேச்சு வரும். வந்தால் கணக்கைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த மனிதரைத் தனியே வீட்டுக்கு அனுப்பாமல், நம்பிக்கையான உறவினர் ஒருவரை வரவழைக்க வேண்டும். கடனில் தீர்க்க முடியாத கடன் என்று எதையும் அந்த மேசை பார்த்ததில்லை.

தீர்க்கும் வேலை ஒரே தாளில் தொடங்கும். கைமாத்து, சீட்டுப் பாக்கி, மளிகைக்கடைக் கணக்கு உட்பட எல்லாக் கடனையும் இருவரும் சேர்ந்து எழுத வேண்டும்: யாரிடம், அசல் பாக்கி, வட்டி, தவணைத் தேதி. பெரும்பாலும் இரண்டாவது சந்திப்பில்தான் தாள் முழுமையாகும். முதல் முறை ஒருவர் எதையாவது விட்டுவிடுவார். பிறகு கார்டுகள் நிறுத்தப்பட வேண்டும். கார்டு பாக்கியை வங்கியிடம் பேசித் தவணைக் கடனாக மாற்றினால் வட்டி பாதிக்கும் கீழே இறங்க வாய்ப்புண்டு. ஆனால் பழைய கார்டு கையிலேயே இருந்தால் ஆறு மாதத்தில் இரண்டு கடனாகிவிடும். வீட்டுத் தவணை தவறக்கூடாது. மற்றவற்றில் வட்டி அதிகமானதை முதலில் அடைப்பதே லாபம். என்றாலும், மிகவும் சோர்ந்து வருபவர்களுக்குச் சிறிய கடன் ஒன்றை முதலில் முடித்துக் கொடுப்பது உண்டு. ஒரு வரியைத் தாளில் அடித்த பிறகு அவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. வீட்டுக் கடனில் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அறிவிப்பு வரும். அதற்கு முன்பே, முதல் தவணை தவறப்போகிறது என்று தெரியும்போதே, கிளைக்குப் போய்ப் பேச வேண்டும். அப்போது கால நீட்டிப்புக்கு இடம் இருக்கும்; வாராக்கடன் ஆன பிறகு கதவு ஒடுங்கிவிடும். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது. மீறினால் முதலில் கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் புகார். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. 'செட்டில்மென்ட்' என்று பாதித் தொகைக்கு முடித்துக்கொள்ளச் சொல்வார்கள். வேறு வழியே இல்லாதவருக்கு அது வழிதான். ஆனால் அறிக்கையில் 'முடிந்தது' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். அடுத்த பல ஆண்டுகளுக்கு வீட்டுக் கடன் கேட்கும் இடமெல்லாம் அது முன்னால் நிற்கும். ஊரில் மஞ்சள் நோட்டீஸ் கொடுப்பது என்று சொல்லப்படும் திவால் மனு நீண்ட நீதிமன்ற வழி. 2016 திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி சாதாரணக் கடனாளிகளுக்கு நடைமுறைக்கு வராததால் இன்னும் 1909, 1920ஆம் ஆண்டுச் சட்டங்கள்தான் அதற்கு. மாதச் சம்பளக் குடும்பங்களுக்கு அது பெரும்பாலும் உதவுவதில்லை. விவாகரத்தும் கடனைப் பிரிப்பதில்லை. கூட்டாகக் கையெழுத்துப் போட்டவர்கள் இருவரிடமும் முழுத் தொகையையும் கேட்க வங்கிக்கு உரிமை உண்டு.

கடன் முடிந்த பிறகும் சில வேலைகள் இருக்கின்றன. பலர் இங்கே அசட்டையாக இருந்து பின்னால் அலைகிறார்கள். கடைசித் தவணை போனதும் பாக்கியில்லாச் சான்றிதழ் வாங்கி, கணக்கில் ஓடும் தானியங்கி உத்தரவை ரத்து செய்ய வேண்டும். வண்டிக்கு 35ஆம் எண் படிவத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அடமானக் குறிப்பை நீக்க வேண்டும். வீட்டுப் பத்திரங்களை, முழுத் தொகையும் கட்டிய 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் விதி. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஓரிரு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்து அந்தக் கணக்கு மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நகையை மீட்கும்போது பொட்டலத்தை மேசையிலேயே பிரித்து, எடையையும் எண்ணிக்கையையும் அடகுச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, யார் நகையோ அவர் கையில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.